உயிரைவிடவா வணிகம்?

மைசூரு மாவட்டத்தின் ஹுன்சூர், பிரியாபட்டணா, எச்.டி. கோட்டே பகுதிகளில் மானாவாரியாக விளையும் வர்ஜீனியா புகையிலை, சூளைக் கொட்டகைகளில் பதப்படுத்தப்பட்டு, புகையிலை வாரியத்தின் ஏல மையங்கள் வழியாக உள்நாட்டு ஆலைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கிறது. அந்த வாரியம் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. அதே அரசின் சுகாதார அமைச்சகம்தான் சிகரெட் பெட்டியில் புற்றுநோய்ப் படத்தை அச்சிட வேண்டும் என்கிறது. இந்த முரண்பாட்டுக்கு விலை கொடுப்பவர்கள் நோயாளிகளும் விவசாயிகளும்தான்.

பெட்டியின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கை இடம்பெற வேண்டும் என்ற விதி 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2017 டிசம்பரில் அதை ரத்து செய்தது. 2018 ஜனவரியில் அத்தீர்ப்புக்குத் தடை விதித்த உச்ச நீதிமன்றம், குடிமக்களின் உடல்நலத்துக்கே முன்னுரிமை அளித்தது.

உலக அரங்கிலும் இதே வழக்குதான். வணிகச் சின்னங்களே இல்லாத வெற்றுப் பெட்டியில்தான் சிகரெட் விற்க வேண்டும் என 2012 முதல் ஆஸ்திரேலியா கட்டாயமாக்கியது. அதை எதிர்த்து ஹோண்டுராஸ், டொமினிகன் குடியரசு உள்ளிட்ட நாடுகள் உலக வர்த்தக அமைப்பில் தொடுத்த வழக்கு, 2020-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. சின்னஞ்சிறு நாடான உருகுவேயை நடுவர் மன்றத்துக்கு இழுத்த பிலிப் மோரிஸ் நிறுவனமும் 2016-இல் தோல்வியுற்றது. ஆனால், தீர்ப்பு வரும்வரை ஏற்படும் தயக்கமே நிறுவனங்களுக்கு லாபம். ஆஸ்திரேலிய வழக்கின் போக்கைப் பார்த்து நியூசிலாந்து தனது சட்டத்தை 2016 வரை தள்ளிப்போட்டதே இதற்குச் சான்று.

வர்த்தகச் சட்டம் கேட்பது பாரபட்சமின்மையைத்தான். உள்நாட்டு சிகரெட்டை விற்றுக்கொண்டே இறக்குமதியைத் தடுத்த தாய்லாந்து 1990-இல் தோற்றது. மெந்தால் சிகரெட்டை விட்டுவிட்டு, இந்தோனேசியாவின் கிராம்பு சிகரெட்டைத் தடை செய்த அமெரிக்கா 2012-இல் தோற்றது. எல்லோருக்கும் பொதுவான விதியை வகுக்கும் அரசு அஞ்ச வேண்டியதில்லை.

புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக சுகாதார அமைப்பின் உடன்படிக்கையை இந்தியா 2004-இல் ஏற்றது. எச்சரிக்கைப் படங்களுடன், புகையிலை பயிரிடுவோருக்கு மாற்று வாழ்வாதாரம் ஏற்படுத்தித் தருவதையும் அது வலியுறுத்துகிறது. மாற்றுப் பயிருக்கு நிலையான விலையும் உறுதியான சந்தையும் இல்லாமல், 'புகையிலையைக் கைவிடுங்கள்' என்று ஹுன்சூர் விவசாயியிடம் சொல்வது நியாயமாகாது. அந்த விவசாயியைக் கேடயமாக்கி எச்சரிக்கையின் அளவைக் குறைக்க முயல்வதோ அதைவிடப் பெரிய அநியாயம்.

வர்த்தக அமைச்சகமும் சுகாதார அமைச்சகமும் ஒரே கொள்கையுடன் செயல்பட வேண்டும். அதற்கான தொடக்கம் மைசூருவின் புகையிலை வயல்களாக இருக்கட்டும்!