காதுக்கு மரியாதை!

ராக் கேட்கிற பசங்க ரூமைக் கண்டுபிடிக்கிறது ரொம்ப ஈஸி. கதவுல போஸ்டரைத் தேட வேண்டாம். தரை அதிருதா... அதே ரூம்தான்! 'சவுண்டு பத்தலைடா' என்பதுதான் அங்கே தேசிய கீதம். பாட்டு பிடிச்சிருந்தா வால்யூமைக் கூட்டுவோம். பிடிக்கலைன்னா, 'சவுண்டே இல்லை, மொக்கை'னு அடுத்த பாட்டுக்குத் தாவுவோம்.

இந்த வார ராக் பெஞ்ச்சில் கொஞ்சம் வம்பான மேட்டர். சத்தம் வேற, வெயிட்டு வேற பாஸ்! நல்ல பேண்டுங்க சத்தமே இல்லாத இடத்தை வெச்சுத்தான் நம்மளை அடிச்சுப் போடுறாங்க. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஃபுல் சவுண்டுல ஓடுற ஆல்பம் நம்ம காதை மட்டும்தான் பதம் பார்க்குது. 'போடா டேய், நீ ராக் ரசிகனே கிடையாது'ன்னு இந்தப் பக்கத்தைக் கசக்குறதுக்கு முன்னாடி, ஆதாரத்தைப் பாருங்க.

11-ம் நம்பர் வியாதி

1984-ல் 'திஸ் இஸ் ஸ்பைனல் டேப்'னு ஒரு படம் வந்தது. டைரக்டர் ராப் ரெய்னர். இல்லாத ஒரு ராக் பேண்டைப் பத்தி, நிஜ டாக்குமென்டரி மாதிரியே எடுத்த காமெடி. அதுல கிடாரிஸ்ட் தன்னோட ஆம்ப்ளிஃபையரைப் பெருமையாக் காட்டுவார். ஊர்ல இருக்கிற ஆம்ப்ல எல்லாம் திருகி 10 வரைக்கும்தான் போகும். அவரோடதுல 11 வரைக்கும்! அந்தப் பத்தையே இன்னும் சத்தமா வெச்சுக்கக் கூடாதானு கேட்டா, பார்ட்டி திருதிருனு முழிக்கும்.

படத்துல இது காமெடி. நிஜத்துல இதுக்கு ரெக்கார்டு புக்கே இருந்தது. 1972-ல் லண்டன் ரெயின்போ தியேட்டரில் டீப் பர்ப்பிள் வாசிச்சப்போ 117 டெசிபல். உலகத்துலயே அதிக சத்தம் போடும் பேண்டுனு கின்னஸ்ல பேர் வந்தது. ஆடியன்ஸ்ல மூணு பேர் மயக்கம் போட்டு விழுந்தாங்க என்பது கூடுதல் தகவல். 1976-ல் லண்டன் சார்ல்டன் ஃபுட்பால் கிரவுண்டில் தி ஹூ 126 டெசிபல் அடிச்சாங்க. 'ஒன்பதுதானே ஜாஸ்தி'னு நினைச்சுடாதீங்க. டெசிபல் லாக் ஸ்கேல். 9 டெசிபல் ஏறினா ஒலியோட பவர் ஏறக்குறைய 8 மடங்கு! கடைசியில, இதைப் பார்த்து எல்லாரும் காதைக் கெடுத்துக்கப் போறாங்கனு கின்னஸே அந்தப் பிரிவை இழுத்து மூடிடுச்சு.

சரி, டீப் பர்ப்பிள் இன்னிக்கும் நம்ம மனசுல நிக்கிறது அந்த 117-னாலயா? 1970-ல் வந்த 'இன் ராக்' ஆல்பத்துல 'சைல்ட் இன் டைம்' போட்டுப் பாருங்க. பத்து நிமிஷத்துக்கு மேல ஓடுற பாட்டு. தொட்டில்ல தூங்குற குழந்தை முழிச்சுடக் கூடாதுங்கிற மாதிரி ஜான் லார்டோட ஆர்கன் ஆரம்பிக்கும். இயன் கில்லன் கிட்டத்தட்ட முணுமுணுப்பார். அப்புறம் ஒவ்வொரு படியா ஏறி ஏறி ஒரு அலறல் விடுவார் பாருங்க... அந்த அலறலுக்குப் பின்னாடி அவ்வளவு அமைதியைச் சேர்த்து வெச்சிருக்காங்க. அதான் புல்லரிக்குது.

காத்திருக்க வெச்சு அடிக்கிறவங்க

லெட் செப்பலினோட 'ஸ்டெயர்வே டு ஹெவன்' (1971) எட்டு நிமிஷப் பாட்டு. ஜான் பான்ஹாம் மாதிரி ஒரு ராட்சச டிரம்மரை வெச்சுக்கிட்டு, முதல் நாலு நிமிஷம் அவரைச் சும்மாவே உட்கார வெச்சிருக்காங்க! நம்ம காலேஜ் பேண்டுல டிரம்மரை நாலு நிமிஷம் சும்மா இருக்கச் சொல்லிப் பாருங்க, பேண்டே உடைஞ்சுடும். ஆனா, பான்ஹாம் உள்ளே வர்ற அந்த செகண்டுல பாட்டோட உயரமே மாறிடுது.

பிங்க் ஃபிளாய்ட் இன்னும் டெரர். 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' (1975) பாட்டுல, டேவிட் கில்மரோட அந்தப் பிரபலமான நாலு நோட்டு வர்றதுக்கே கிட்டத்தட்ட நாலு நிமிஷம். பாட்டுக்காரர் வாயைத் திறக்க எட்டு நிமிஷம் தாண்டும். வெறும் நாலே நோட்டு. பொறுமையா இருந்தவனுக்குத்தான் அதோட அருமை தெரியும்.

பாஸ்டன்ல பிக்ஸீஸ்னு ஒரு பேண்டு. வரிகள்ல அடக்கி வாசிச்சு, கோரஸ்ல வெடிக்கிறது அவங்க ஸ்டைல். 1991-ல் நிர்வாணா அந்த ஃபார்முலாவை 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்'டில் போட்டு உலகத்தையே ஆட வெச்சாங்க. பிக்ஸீஸைக் காப்பியடிக்கத்தான் பார்த்தேன்னு கர்ட் கோபேனே பின்னாடி பேட்டியில ஒப்புக்கிட்டார். அரியர்ஸ் இல்லாம பாஸாகிற காப்பி!

அதே நிர்வாணா, 1993 நவம்பர்ல நியூயார்க்ல எம்டிவிக்காக 'அன்பிளக்டு' வாசிச்சாங்க. பூவும் மெழுகுவத்தியுமா மேடை. கத்தல் கம்மி, கதறல் ஜாஸ்தி. அவங்களோட வெயிட்டான ரெக்கார்டு எதுன்னு என்னைக் கேட்டா, 'நெவர்மைண்ட்' இல்லை, இதுதான்னு சொல்வேன். சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

மொட்டை அடிச்ச ஆல்பம்

இப்போ வில்லன் என்ட்ரி. சி.டி.யில ஒவ்வொரு சாம்பிளும் 16 பிட். அதாவது 32,767-க்கு மேல நம்பரே கிடையாது. அதுதான் கூரை. கூரையை உயர்த்த முடியாது. ஆனா, அடுத்த கம்பெனி சி.டி.யை விட நம்மது சத்தமாக் கேட்கணும். என்ன பண்ணாங்க? மெல்லிசான இடங்களை எல்லாம் தூக்கி, உச்சத்துல இருக்கிற டிரம் அடிகளைத் தட்டி நசுக்கி, எல்லாத்தையும் கூரையோட ஒட்ட வெச்சுட்டாங்க. இதுக்குப் பேர் 'லவுட்னெஸ் வார்'. 1990-களில் சூடுபிடிச்ச சண்டை.

உங்க பாஷையில சொல்றேன். கிளாஸ்ல எல்லாருக்கும் 98 மார்க் போட்டுட்டா ஃபர்ஸ்ட் ரேங்க் யாரு? அதே கதைதான். முணுமுணுப்பும் 98, அலறலும் 98. அப்புறம் எதுக்குப் புல்லரிக்கப் போகுது?

இதுக்கு அண்ணா யுனிவர்சிட்டி கேள்வித்தாள் மாதிரி ஒரு கிளாசிக் உதாரணம், 2008 செப்டம்பர்ல வந்த மெட்டாலிகாவோட 'டெத் மேக்னடிக்'. பாட்டுங்க செம. ஆனா, சத்தமான இடத்துல ஸ்பீக்கர் கிழிஞ்ச மாதிரி கரகரப்பு. அதே பாட்டுங்க 'கிடார் ஹீரோ 3' வீடியோ கேமுக்கும் வந்தது. கேம் வெர்ஷன்ல அந்த நசுக்கல் இல்லை. டிரம் அடி டிரம் அடியாவே கேட்டது! விளையாட்டுச் சாமான்ல வர்ற சவுண்டு, காசு கொடுத்து வாங்கின சி.டி.யை விட நல்லா இருந்தா ரசிகனுக்கு எப்படி இருக்கும்? மறுபடி மிக்ஸ் பண்ணிக் கொடுங்கனு பத்தாயிரம் பேருக்கு மேல கையெழுத்துப் போட்டாங்க. மாஸ்டரிங் பண்ணின டெட் ஜென்சனே, தன் கைக்கு வரும்போதே எல்லாம் நசுங்கித்தான் வந்ததுனு கையை விரிச்சுட்டார்.

எனக்கு வயித்தெரிச்சல் எதுக்குன்னா, இது மெட்டாலிகாங்கிறதாலதான். 1988-ல் இவங்க போட்ட 'ஒன்' பாட்டைக் கேளுங்க. கை, கால், கண், காது, பேச்சு எல்லாம் போரில் இழந்த ஒரு சிப்பாயோட கதை. பூ விழுற மாதிரி கிடார்ல ஆரம்பிச்சு, பின்பாதியில டிரம்ஸ் மிஷின் கன்னாவே மாறும். அமைதியோட விலை தெரிஞ்ச பேண்டு, 20 வருஷம் கழிச்சு அதை மறந்துபோச்சு.

அதே வருஷம் நவம்பர்ல கன்ஸ் என் ரோசஸோட 'சைனீஸ் டெமாக்ரஸி' வந்தது. பத்து வருஷத்துக்கு மேல இழுத்தடிச்ச ஆல்பம்னு ஊரே ஓட்டுச்சு. ஆனா, மாஸ்டரிங் இன்ஜினீயர் பாப் லுட்விக் மூணு விதமாப் பண்ணிக் காட்டினப்போ, ஆக்ஸல் ரோஸ் டீம் தேர்ந்தெடுத்தது நசுக்காத வெர்ஷனை. பாட்டுங்களைப் பத்தி ஆயிரம் குறை சொல்லலாம். இந்த ஒரு விஷயத்துக்கு ஆக்ஸலுக்கு ஒரு சல்யூட். ரஷ் பேண்டும் 2002-ல் நசுங்கி வந்த தங்களோட 'வேப்பர் டிரெயில்ஸ்' ஆல்பத்தை 2013-ல் முழுசா ரீமிக்ஸ் பண்ணி மறுபடி வெளியிட்டாங்க.

'டவுன் பஸ்ல நின்னுக்கிட்டுக் கேட்கிறேன். மெல்லிசா வாசிச்சா இன்ஜின் சத்தத்துல என்ன கேட்கும்?'னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. கம்ப்ரெஷனே பாவம்னு நான் சொல்லலை. டிரம்முக்கும் குரலுக்கும் அளவாப் போட்டா அது சமையல்ல உப்பு மாதிரி. இங்கே பண்ணினது உப்பையே சாதமாப் போட்டது. அதோட, இந்தச் சண்டையில ஜெயிச்சவங்களும் யாரும் இல்லை. ஸ்பாட்டிஃபை மாதிரி சர்வீஸ்கள் எல்லாப் பாட்டையும் ஒரே சராசரி சத்தத்துக்குக் கொண்டு வந்துடுது. மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ் அங்கே வழக்கமான அளவு. அதைத் தாண்டிக் கத்துற பாட்டோட வால்யூமை அதுவே குறைச்சுடும். மொட்டை போட்டும் வரம் கிடைக்காத கதை!

சென்னைக்கு வந்த அமைதி

இந்த வித்தையைக் கரைச்சுக் குடிச்ச ஒரு பேண்டு நம்ம ஊர் வரைக்கும் வந்திருக்கு. ஸ்வீடனோட ஓபெத். 2009-ல் ஐ.ஐ.டி. மெட்ராஸ் 'சாரங்' விழாவில் வாசிச்சாங்க. மைக்கேல் ஆக்கர்ஃபெல்ட் ஒரு நிமிஷம் பாதாளத்துல இருந்து உறுமுவார். அடுத்த நிமிஷம் தாலாட்டுப் பாடுவார். ஒரே சமயத்துல ரெக்கார்டு பண்ணின பாட்டுகளை ரெண்டு ஆல்பமாப் பிரிச்சாங்க. அடிதடி எல்லாம் 'டெலிவரன்ஸ்' (2002). அமைதி எல்லாம் 'டாம்னேஷன்' (2003). ரெண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்க. ஒண்ணு இல்லாம இன்னொண்ணு இல்லைனு புரியும்.

இனிமேதான் சீரியஸ் மேட்டர்

தி ஹூ ஞாபகம் இருக்கா, 126 டெசிபல்? அந்த பேண்டோட கிடாரிஸ்ட் பீட் டவுன்ஷெண்டுக்குக் காதுல ஓயாத இரைச்சல், கேட்கும் திறனும் குறைஞ்சுபோச்சு. தன் காதைக் கெடுத்ததுல மேடையை விட ஸ்டூடியோவில் மாட்டின ஹெட்ஃபோனுக்குத்தான் பங்கு அதிகம்னு அவரே சொல்லியிருக்கார். மறுபடி படிங்க... ஹெட்ஃபோன்! ஏசி/டிசி பாடகர் பிரையன் ஜான்சன், முழுசாக் காது போயிடும்னு டாக்டர்கள் எச்சரிச்சதால 2016-ல் பாதி டூர்ல இறங்க வேண்டியதாச்சு. காதடைப்பு இல்லாம கார் ரேஸ் ஓட்டினதுதான் காரணம்னு அவர் சொன்னார். நல்லவேளை, புது டெக்னாலஜி உதவியோட 2020 ஆல்பத்துல திரும்பி வந்துட்டார்.

நம்ம உள்காதுல ஒலியைப் பிடிக்கிற குட்டிக் குட்டி முடிச் செல்கள் இருக்கு. தலைமுடி கொட்டினாலாவது விக் இருக்கு. இந்தச் செல் செத்தா மறுபடி முளைக்காது. அமெரிக்காவோட பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்ற கணக்கு இது: 85 டெசிபல்ல 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டா 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிஷம்! கல்ச்சுரல்ஸ்ல ஸ்பீக்கர் பக்கத்துல நின்னு ரெண்டு மணி நேரம் தலையாட்டுறவங்க மீதியை நீங்களே போட்டுக்கோங்க. சத்தமான பொழுதுபோக்கால உலகத்துல 100 கோடிக்கும் அதிகமான இளைஞர்களோட காது ஆபத்துல இருக்குனு உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொல்லியிருக்கு.

கச்சேரி முடிஞ்சு வந்து படுத்தா காதுல 'கொய்ங்ங்'னு கேட்குமே... அது நல்ல ஷோவுக்கான சர்டிஃபிகேட் இல்லை மக்களே, வார்னிங் லெட்டர்! ஒண்ணு ரெண்டு நாள்ல அது அடங்கலைன்னா ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்க. மெடிக்கல் ஷாப்ல ஃபோம் காதடைப்பான் ஒரு டீ, சமோசா காசுக்குக் கிடைக்கும். பஞ்சு உருட்டி வெச்சா பிரயோஜனம் இல்லை. ஸ்பீக்கர் முன்னாடி நிக்காம, சவுண்டு இன்ஜினீயர் மிக்ஸர் வெச்சிருப்பாரே, அவர் பக்கத்துல நில்லுங்க. மொத்த ஹால்லயும் பாட்டு அவர் காதுக்குத்தான் சரியாக் கேட்கும்படி மிக்ஸ் ஆகுது. ஓசியில பெஸ்ட் சீட்!

இந்த வார ஹோம்வொர்க்

ராத்திரி, ஃபேனை நிறுத்திட்டு, வால்யூமைப் பாதியில வெச்சு, நடுவுல தொடாம கேளுங்க:

1. சைல்ட் இன் டைம் - முணுமுணுப்பு எப்போ அலறலா மாறுதுனு கவனிங்க.

2. ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட் - நாலு நோட்டு வரும்வரை ஃபார்வர்டு பண்ணாம இருந்தா நீங்க மகான்.

3. ஒன் - மிஷின் கன் வர்ற இடத்துல வால்யூமைக் கூட்டணும்னு தோணுதா பாருங்க. தோணாது.

4. நிர்வாணா அன்பிளக்டு - முழு ஆல்பம், ஒரே மூச்சில்.

5. டாம்னேஷன் - உறுமவே தெரியாத ஆள் பாடுற மாதிரி இருக்கும். நம்பாதீங்க.

உங்க லிஸ்ட்டுல இருக்கிற பாட்டுங்களை எல்லாம் அறுபது வயசுலயும் கேட்கணும் இல்லையா? பாட்டு பத்திரமா இருக்கும். காதைப் பார்த்துக்கோங்க.

(அடுத்த வாரம்: பேஸ் கிடார்காரனை மட்டும் ஏன் யாருமே கண்டுக்கிறதில்லை?)