"இதை அவரேதான் எழுதினாரா?"

தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' 2016இல் வெளியானபோது அவர் உயிரோடு இல்லை. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுப் பொறுப்பாளராக இருந்தவர். 2009க்குப் பிறகு சிறை, புனர்வாழ்வு முகாம் என்று இருந்து விடுதலையானார். 2015 அக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட அதிகமாகப் பேசப்பட்டது ஒரு சந்தேகம்தான்: இதை அவரேதான் எழுதினாரா?

இது நம்மிடம் மட்டும் எழுந்த சந்தேகமல்ல. 1945இல் செஞ்சேனை பெர்லினுக்குள் நுழைந்த வாரங்களில் ஒரு பெண் நாட்குறிப்பு எழுதினார். அவரும் அக்கம்பக்கத்துப் பெண்களும் வன்புணர்ச்சிக்கு உள்ளானதை மறைக்காமல் எழுதினார். 1959இல் அது பெயரில்லாமல் ஜெர்மன் மொழியில் வந்தபோது, ஜெர்மானியப் பெண்களின் மானத்தை வாங்கிவிட்டதாக வசை. தன் ஆயுளில் மறுபதிப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் இறந்தபின் 2003இல் மீண்டும் வந்தது. இம்முறை, நிஜ நாட்குறிப்புதானா என்ற விசாரணை.

என் முனைவர் பட்ட ஆய்வு இத்தகைய நூல்களைப் பற்றியது. "கேள்விப்பட்டதைத்தானே எழுதியிருக்கிறார், ஆதாரம் எங்கே?" என்று கருத்தரங்குகளில் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் முற்போக்கு ஆண் தோழர்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். நினைவுக்குறிப்பை எஃப்.ஐ.ஆர். போலப் படிக்கிறார்கள்.

அன்றைய பெர்லினில் செய்தித்தாள் இல்லை, மின்சாரம் இல்லை, வானொலி இல்லை. தண்ணீருக்கு நிற்கும் வரிசையில் காதில் விழுந்ததுதான் செய்தி. எங்கே ஒளிவது, எப்போது வெளியே போவது என்பதை அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வதந்தியை வதந்தியாகவே எழுதிவைத்ததால்தான் அந்த அச்சம் நமக்குக் கிடைக்கிறது. வன்புணர்ச்சி என்ற சொல்லைக் கையெழுத்துப் பக்கங்களில் சில எழுத்துகளாகச் சுருக்கியிருந்தார். அவசரமா, யாராவது படித்துவிடுவார்கள் என்ற பயமா, எழுதக் கை வரவில்லையா? எதுவாகவும் இருக்கலாம். இதைவிடத் துல்லியமான சாட்சியம் எனக்குத் தேவைப்படவில்லை.

தமிழினியின் நிலை வேறு. விடுதலைக்குப் பிறகு இலங்கையிலேயே இருந்து எழுதினார். ஒருபக்கம் அரசு, மறுபக்கம் 'துரோகி' என்று சொல்லக் காத்திருந்தவர்கள். அவர் சொல்லாமல் விட்டவற்றை இந்த நெருக்கடியோடு சேர்த்துத்தான் படிக்க முடியும். அதற்காக அவரிடம் கேள்வியே கேட்கக் கூடாது என்பதில்லை. இறுதிக்கட்டத்தில் நடந்த கட்டாய ஆட்சேர்ப்பில் பொறுப்பாளர்களின் பங்கு என்ன என்று பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அது அவர் எழுதியதை எழுத்தாக ஏற்றுக்கொண்ட பிறகு கேட்கும் கேள்வி.

நான் கேட்க விரும்புவது வேறொன்று. போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்த பிறகும் யாழ்ப்பாணத்தின் நலன்புரி முகாம்களிலேயே தங்கிவிட்டவர்களில் கணிசமானோர் திரும்பிப்போக நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். என் ஆய்வுப் பட்டியலில் உள்ள நூல்களில் அந்த முகாம்களின் பெண்கள் எழுதியது ஒன்றுகூட இல்லை.