வாழை மட்டையும் கல்லக்குடிக் கல்லும்

திருவரங்கத் தீவிலும் கொள்ளிடக் கரையிலும் தார் வெட்டியபின் வாழைமரம் என்னாகிறது? ஒருமுறை ஈன்றதும் வாழ்வு முடியும் மரம் அது. வெட்டியவற்றை வாய்க்காலிலும் வரப்போரத்திலும் குவிக்கின்றனர், காய்ந்தவற்றைக் கொளுத்துகின்றனர். காற்றுப் புகாது நீருள் அழுகும் மட்டை, கரிவளியினும் பன்மடங்கு வெப்பமேற்றும் மீத்தேன் வளியைக் கக்குகிறது. அகற்றும் கூலியோ உழவர் தலையில்!

அம்மட்டையில் நார் உண்டு. எஞ்சிய சக்கை மக்கி எருவாகும். 1993-இல் திருச்சிராப்பள்ளியில் நிறுவப்பெற்ற நடுவணரசின் வாழை ஆராய்ச்சி நடுவம் இவற்றை ஆய்ந்துள்ளது. மேலையர் ‘சுழல் உயிர்வளப் பொருளியல்’ என இன்று மேடையேற்றுவதும் இதுவே. வாழைநாரில் பூத்தொடுத்த தமிழர்க்கு இது புதிதன்று. (அந்நாரின் இடத்தை நெகிழி இழை பறிக்க விட்டது நம் குற்றமே.)

ஆனால் கல்லக்குடிக் கற்குழிகட்கு இக்கணக்குச் செல்லாது. 1953-இல் ஊர்ப்பெயர் மீட்கத் தமிழர் தண்டவாளத்தில் படுத்த ஊர் அது. வாழையின் கரி, நேற்றுக் காற்றிலிருந்து வந்தது, காற்றுக்கே மீள்வது. சுண்ணக்கல்லின் கரியோ பத்துக் கோடி ஆண்டளவு கல்லுள் உறைந்தது. தூய கல் 100 பங்கைச் சுட்டால் 44 பங்கு கரிவளியாய்ப் போகும். பைஞ்சுதைச் சூளையில் நிலக்கரிக்கு மாற்றாக உமியும் சருகும் எரிக்கலாம், நன்றே. அந்த 44 மட்டும் குறையாது. உமி எரித்துப் ‘பசுமை’ப் பட்டம் சூடுவோர், அனல்மின் சாம்பலை மிகுத்துக் கலந்து, கல்லெடுக்கும் அளவைக் குறைத்துக் காட்டுக. அரசோ, வாழை விளையும் ஊர்தோறும் நாரெடுக்கும் பொறியொன்றை உழவர் கூட்டுறவின் கையில் முதலில் தருக.