ஒரு துரோகி போதுமா?

வேடசந்தூரில், குடகனாற்றங்கரைப் பக்கம், என் சிறு வயதில் ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. புதுப்படம் அங்கே வந்து சேர்வதற்குள் பழம்படம் ஆகிவிடும். பழம்படமோ திரும்பத் திரும்ப வரும். 1959-ஆம் ஆண்டில் வெளியான 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தை அங்கே மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து நான்கு தடவை பார்த்திருக்கிறேன். எட்டப்பன் திரையில் தோன்றியதும் ஆளுக்கொரு பிடி மணலை அள்ளி வீசுவோம். அது திரைவரை போகாது. முன்னால் இருப்பவர் தலையில்தான் விழும். அவர் திரும்பிப் பார்த்துத் திட்டமாட்டார். அவரும் வீசிக்கொண்டிருப்பார்.

அந்த மணல் வீச்சை நான் இன்னும் நிறுத்தவில்லை என்பது சமீபத்தில்தான் எனக்குத் தெரிந்தது. பாளையக்காரர் காலத்தை வைத்து ஒரு தொடர்கதை எழுதினேன். காளையார்கோயில் காடு, வளரி, நள்ளிரவில் ஓடும் குதிரை எல்லாம் அதில் உண்டு. கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில், விதி தவறாமல், ஒரு துரோகியும் உண்டு. வாசகர்கள் கொண்டாடினார்கள். அந்தத் துரோகியை இன்னும் கொஞ்சம் சித்திரவதை செய்து சாகடித்திருக்கலாம் என்று ஓர் அம்மையார் எழுதியிருந்தார்.

ஊருக்குப் போயிருந்தபோது, எனக்கு ஆறாம் வகுப்பில் பாடம் சொன்ன வாத்தியார் பஸ் நிலையத்து டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உன் கதையை வாரம் தவறாமப் படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஒரே ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க ஐயா."

"சிறுவயல்ல இருந்து காளையார்கோயிலுக்குக் கும்பினிக்காரன் காட்டை வெட்டிப் பாதை போட்டான்னு எழுதியிருக்கியே, கோடாலி பிடிச்சது யாரு? வெள்ளைக்காரத் துரையா?"

நான் பதில் சொல்லவில்லை. டீக்குக் காசு கொடுக்கப் போனேன். அதிலும் அவர் முந்திக்கொண்டார்.

அவர் கேட்டதில் தவறே இல்லை. 1801-ஆம் ஆண்டில், ஏறக்குறைய ஒரு மாத காலம், கும்பினியின் படை அந்தக் காட்டை வெட்டி வெட்டி முன்னேறப் பார்த்தது. முடியாமல் திரும்பி, வேறு வழியாக வந்துதான் காளையார்கோயிலைப் பிடித்தது. அங்கே கூலிக்கு மரம் வெட்டியவன் நம் ஆள். அவனுக்குக் காவல் நின்ற சிப்பாய்களில் பெருந்தொகையினர் இந்த நாட்டு ஆட்கள். காட்டுக்குள் மறைந்திருந்து அவர்கள்மேல் வளரி எறிந்தவனும் நம் ஆள். என் கதையிலோ ஒரு துரோகிதான் இருந்தான். மற்றவர்கள் எல்லோரும் எங்கே போனார்கள்?

என் வழக்கை நேராகச் சொல்லிவிடுகிறேன். பாளையக்காரர் போரை வெள்ளையரை எதிர்த்த போர் என்கிறோம். அது பாதி உண்மை. மறுபாதி, நாம் நமக்குள் செய்துகொண்ட உள்நாட்டுப் போர். அந்த மறுபாதியைக் கண்ணில் படாமல் வைக்கத்தான் 'எட்டப்பன்' என்ற ஒற்றைச் சொல்லைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறோம்.

சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டுங்கள். 1730-களில் மதுரை நாயக்கர் சிம்மாசனத்துக்கு ராணி மீனாட்சியும் பங்காரு திருமலையும் மோதினார்கள். பங்காரு உதவி கேட்டது சப்தர் அலியிடம்; ராணி உதவி கேட்டது சந்தா சாகிப்பிடம். சந்தா சாகிப் ராணிக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு, கடைசியில் மதுரையைத் தாமே எடுத்துக்கொண்டார். பங்காரு தோற்ற அம்மையநாயக்கனூர் நம் திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அடுத்தது பூலித்தேவர். 1750-களில் அவர் பாளையக்காரர்களைக் கூட்டுச் சேர்த்தார். மறவர் பாளையங்களில் சிவகிரி வரவில்லை. எட்டயபுரம் வரவில்லை. இதுவரை நமக்குத் தெரிந்த கதைதான். ஆனால் பாஞ்சாலங்குறிச்சியும் வரவில்லை! அவரை எதிர்த்துக் கும்பினிப் படையை நடத்திய யூசுப் கான் எந்தச் சீமைக்காரர்? ராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்தவர். பிற்பாடு அவரே கும்பினியையும் நவாபையும் எதிர்த்து நின்றார். 1764-ஆம் ஆண்டில் மதுரையில் அவரைத் தூக்கில் போட்டார்கள். அவரைத் துரோகி என்பதா, தியாகி என்பதா? எந்த வருஷத்து யூசுப் கான் என்று கேட்டுக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும்.

1772-இல் நவாபின் படையும் கும்பினிப் படையும் காளையார்கோயிலில் சிவகங்கை மன்னரைக் கொன்றன. வேலு நாச்சியார் தப்பி வந்து அடைக்கலம் புகுந்தது நம் பக்கத்து விருப்பாட்சியில். திண்டுக்கல் அப்போது ஹைதர் அலியின் வசம் இருந்தது. அவருடைய துணையோடுதான் நாச்சியார் 1780-இல் சிவகங்கையை மீட்டார். அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த அம்மாளின் தைரியத்தில் பத்தில் ஒரு பங்கு எனக்கு இருந்தால் இந்தக் கட்டுரையைப் பத்து வருஷம் முன்பே எழுதியிருப்பேன். நான் கேட்பது அளவுகோலைப் பற்றி. நமக்குப் பிடித்தவர் அயல் படையைத் தேடினால் ராஜதந்திரம். பிடிக்காதவர் தேடினால் துரோகம். ஒரே கடையில் இரண்டு படிக்கல் வைத்திருக்கிற வியாபாரியை நாம் என்னவென்று சொல்வோம்?

இனிக் கட்டபொம்மன். போருக்குக் காரணம் என்ன? நவாபு கடனில் மூழ்கினார். 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கும்பினியின் கைக்குப் போயிற்று. நிலுவை என்றார்கள். ராமநாதபுரத்துக்கு வரச்சொல்லி அவமதித்தார்கள். இது பெரிய காரணம். ஆனால் கூடவே சின்னக் காரணங்களும் இருந்தன. எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லைத் தகராறு இருந்தது. சிவகிரியில் தந்தைக்கும் மகனுக்கும் மூண்ட சண்டையில் கட்டபொம்மன் மகன் பக்கம் நின்று படையெடுத்தார். கும்பினி தன் படையை ஏவ அது ஒரு சாக்கு ஆயிற்று. இரு பாளையக்காரரும் ஒரே குலம். இருவர் வீட்டிலும் பேசியது ஒரே தெலுங்கு. அந்தப் பாளையங்களில் வரி கொடுத்தும் காவல் பணம் கொடுத்தும் நலிந்த குடியானவனை இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கம் யோசனை கேட்டது? டூரிங் டாக்கீஸில் கைதட்டிய எங்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் குடியானவனின் பேரப் பிள்ளைகள்தாம்.

பாஞ்சாலங்குறிச்சி விழுந்தபின் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கு. 'எட்டப்பன்' என்பதோ ஓர் ஆளின் பெயர்கூட அன்று, எட்டயபுரத்து வம்சத்தின் பட்டப்பெயர். அந்த அரண்மனை கும்பினியோடு நின்றது உண்மை. அதற்குப் பலன் பெற்றதும் உண்மை. ஆனால் ஊர் உலகத்துப் பழியை எல்லாம் ஒரே வாசலில் கொட்டிவிட்டு, மற்ற வாசல்களில் நாம் கோலம் போட்டு வைத்திருக்கிறோம். முத்துசாமி தீட்சிதர் தம் கடைசிக் காலத்தில் இருந்ததும், பாரதியார் பிறந்ததும் அதே எட்டயபுரத்தில்தான். இது சமஸ்தானத்தின் குற்றத்தைக் கழுவாது. ஆனால் ஓர் ஊரின் பெயரையே வசைச் சொல்லாக்கும் நாக்கு கொஞ்சம் தயங்க வேண்டாமா?

இங்கே கடல் தாண்டி ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம். அமெரிக்கர்களும் தங்களுக்குள் அடித்துக்கொண்டவர்களே. 1861 முதல் 1865 வரை நான்கு ஆண்டு. பிரிந்துபோன தென் மாநிலங்கள் 11. மாண்டவர்கள் 6 லட்சத்துக்கும் மேல். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் என்ற ஊரில் மூன்றே நாளில் செத்தும் காயம்பட்டும் காணாமலும் போனவர்கள் ஏறக்குறைய 50,000 பேர். ஜனாதிபதி லிங்கனின் மைத்துனர்களே எதிர்ப்படையில் இருந்தார்கள்.

காரணம் என்ன? 40 லட்சம் கறுப்பு மனிதர்களைப் பருத்திக் காட்டிலும் புகையிலைக் காட்டிலும் அடிமைகளாக வைத்திருந்ததுதான். இதை நான் சொல்லவில்லை. பிரிந்துபோன மிசிசிப்பி மாநிலமே தன் பிரகடனத்தில் ஒளிவு மறைவில்லாமல் எழுதி வைத்திருக்கிறது. தென்னவர்களின் உபஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் மேடையேறி, கறுப்பன் வெள்ளையனுக்குச் சமமல்லன் என்பதே எங்கள் அரசாங்கத்தின் மூலைக்கல் என்று முழங்கினார். தோற்ற பிறகு? அதே மனிதர் இரண்டு பெரிய புத்தகங்கள் எழுதி, சண்டை மாநில உரிமைக்காக நடந்தது என்று சாதித்தார். பல தலைமுறை அதை நம்பிற்று. தளபதிகளுக்குச் சிலைகள் எழும்பின. ரிச்மண்ட் நகரத்துத் தளபதி லீயின் சிலையை இறக்க 2021 வரை ஆயிற்று.

ஜெயித்தவன்தான் சரித்திரம் எழுதுகிறான் என்று சொல்வார்கள். தோற்றவனும் எழுதுகிறான், பல சமயம் அவனுடையதுதான் அதிகம் விற்கிறது. அமெரிக்கத் தென்னவர்கள் ஒரு பெரும் பாவத்தை மறைக்கக் கதை கட்டினார்கள். நாம் மறைப்பது அத்தனை பெரிய பாவம் அல்ல. பங்காளிப் பொறாமை, எல்லைச் சண்டை, கூலிக்குக் கோடாலி. ஆனால் மறைக்கும் வித்தை ஒன்றுதான். அவர்கள் காரணத்தை மாற்றினார்கள். நாம் குற்றவாளிகளின் எண்ணிக்கையைக் குறைத்தோம்.

"அப்படியானால் கட்டபொம்மனும் எட்டப்பனும் ஒன்றா?" என்று கேட்பீர்கள். இல்லை. தூக்குமேடைக்குப் போனவரையும் நிலம் வாங்கிக்கொண்டவரையும் ஒரே தட்டில் வைக்க எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. நம் விருப்பாட்சி கோபால் நாயக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் சீமைப் பாளையங்களை ஒன்று சேர்த்து, சிவகங்கை மருதிருவரோடும் மைசூர்ப் பக்கத்துத் தூந்தாஜி வாக்கோடும் உறவு வைத்தார். 1800 ஜூனில் கோவைக் கோட்டையைப் பிடிக்கப் போட்ட திட்டம் குலைந்தது. 1801-இல் அவர் தூக்கில் தொங்கினார். அவருடைய பெருமை என்ன? குலமும் மொழியும் வேறான ஆட்களை ஒரே வரிசையில் நிறுத்த முயன்றது. பிளவு எத்தனை ஆழம் என்று சொல்லாமல், அதன்மேல் பாலம் கட்டப் போனவரின் பெருமையை எப்படிச் சொல்வீர்கள்?

சின்ன மருது இதை நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார். 1801 ஜூன் 16-ஆம் தேதி திருச்சியில் ஒட்டப்பட்ட அவருடைய பிரகடனம் ஒரு தனித் துரோகியைத் தேடவில்லை. நாட்டார் தங்களுக்குள் வளர்த்துக்கொண்ட பகையையும் நவாபின் மதியீனத்தையும் காரணமாகச் சொல்லிற்று. எல்லா வருணத்தாரையும் முசல்மான்களையும், வெள்ளையரிடம் சேவகம் செய்த சிப்பாய்களையும்கூட அழைத்தது. நான்கே மாதத்தில், அக்டோபர் 24-ஆம் தேதி, திருப்பத்தூரில் அவரைத் தூக்கிலிட்டார்கள். சாகப் போகிறவர் உண்மையைச் சொல்லிவிட்டுப் போனார். பிழைத்திருக்கிற நாம் கதை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பழைய சங்கதிக்கு ஏன் இத்தனை சூடு என்று நினைக்காதீர்கள். அந்தச் சண்டை ஓயவில்லை. கட்டபொம்மன் படையில் தளபதியாக இருந்த வீரன் சுந்தரலிங்கம் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். 1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயரை வைத்ததும் தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. கடைசியில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசாங்கம் எடுத்துவிட்டது. நம் மாவட்டமும் வெறும் திண்டுக்கல் ஆனது அப்போதுதான். அன்று சேர்ந்து நின்று செத்தவர்களை, இன்று சாதிக்கு ஒருவராகப் பங்கு போட்டுக் கம்பிக் கூண்டுக்குள் சிலையாக நிறுத்தியிருக்கிறோம். ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு வீரன்; ஒவ்வொரு வீரனுக்கும் அடுத்த தெருவில் ஒரு துரோகி. இந்த வியாபாரத்துக்குச் சரக்கு தயாரித்துக் கொடுப்பவர்களில் கதாசிரியர்களாகிய நாங்கள் முதல் வரிசை.

ஆகவே, என் தொடர்கதை புத்தகமாக வரும்போது அந்தத் துரோகியின் அத்தியாயம் இருக்காது. அந்த இடத்தில் காளையார்கோயில் காட்டில் கோடாலி பிடித்த ஒருவன் வருவான். அவனுக்குப் பசி உண்டு, குடும்பம் உண்டு, காட்டுக்கு உள்ளே ஒரு மச்சானும் உண்டு. பதிப்பாளர் முகம் சுளிக்கிறார். "துரோகி இல்லாவிட்டால் விறுவிறுப்பு போய்விடுமே ஸார்" என்கிறார். போகட்டும்.

வாசகர்களுக்கும் கோபம் வரலாம். தாராளமாகக் கடிதம் எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: என்னைத் திட்டுவதற்கு 'எட்டப்பன்' என்ற சொல்லை எடுக்காமல், கொஞ்சம் சிரமப்பட்டு வேறு ஒன்று தேடுங்கள்.