பெட்டியின் எண்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் எதிர்வீட்டு அம்மையார் ஒரு துண்டுச் சீட்டுடன் வந்தார். மாட்டுங்கா நிலையத்து நெரிசலில் மகனுடைய கைப்பேசி பறிபோய்விட்டதாம். வீட்டு ரௌட்டரின் பட்டியலைப் பார்த்து, அப்பேசிக்குரிய பன்னிரண்டு குறிகளைப் பையன் எழுதித் தந்திருந்தான்.

"தம்பி, நீங்கள் ரயில்வேயில் இருக்கிறீர்கள். இந்த எண்ணை வைத்துப் பேசியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்களேன்" என்றார். ரயில்வே குமாஸ்தாவால் ஆகாதது இல்லையென்பது நம் மக்களின் பழைய நம்பிக்கை!

அன்பர்களே, அவ்வெண்ணுக்கு 'மேக் முகவரி' என்று பெயர். நாம் ஊருக்குச் செல்லும் பெட்டி இன்று எஸ்.4 என்றால், மற்றொரு நாள் அதுவே எஸ்.7 ஆகலாம். ஆனால் அதன் பக்கச்சுவரில் தீட்டிய எண் மாறுவதில்லை. அதன் முதல் இரண்டு இலக்கங்கள் பெட்டி கட்டப்பட்ட ஆண்டைச் சொல்லும். கணினி வலையிலும் அவ்வாறே. ஐ.பி. முகவரி இடத்துக்கேற்ப மாறும். மேக் முகவரியோ தொழிற்சாலையிலேயே இடப்படுவது. அதன் 48 பிட்டுகளில் முன்பாதி, செய்தவர் யாரென்பதைக் காட்டும். இதனை ஒதுக்கித் தருவது ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் கழகம். பின்பாதியைக் கொண்டு 1,67,77,216 கருவிகளுக்கு எண்ணிடலாம்.

இதில் நம் மும்பைக்கும் பங்குண்டு. 1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஈதர்நெட் பிறந்தபோது முகவரிக்கு 8 பிட்டுகளே இருந்தன. 256 எண்களோடு சரி. ஒரு கட்டடத்துக்கு அது போதும், உலகத்துக்குப் போதுமா? 48 பிட்டுகள் ஏன் வேண்டும் என்று 1981-இல் எழுதிய இருவருள் ஒருவர் பவாய் ஐ.ஐ.டி.யில் பயின்ற யோகன் தலால். மற்றவர் ராபர்ட் பிரிண்டிஸ். கருவி எந்த வலைக்குப் பெயர்ந்தாலும் அதன் எண் அதனுடனேயே செல்லவேண்டும் என்பது அவர்கள் வாதம். வீடு மாறுந்தோறும் ரேஷன் அட்டைக்கு அலைந்த நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

எனினும், அம்மையாருக்கு இவ்வெண் பயன்படாது. மேக் முகவரி வீட்டு ரௌட்டரைத் தாண்டி வெளியே செல்வதில்லை. மேலும் ஆண்ட்ராய்டு 10 (2019), ஐ.ஓ.எஸ். 14 (2020) ஆகியவை வந்தது முதல், பல கைப்பேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் வெவ்வேறு புனைவெண்ணையே காட்டுகின்றன. பிறர் நம்மைப் பின்தொடராதிருக்கச் செய்த ஏற்பாடு அது. சீட்டில் இருந்தது மெய்யெண்தானா என்பதே ஐயம்.

வேண்டியது 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண். பேசி கையிலிருக்கும்போதே *#06# என்று அழுத்தினால் திரையில் தோன்றும்; இன்றே குறித்து வையுங்கள். பேசி களவுபோனால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, பழைய எண்ணுக்கே மாற்றுச் சிம் பெற்று, 2023 மே மாதம் நாடு முழுமைக்கும் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் பதிவு செய்யவேண்டும். பின்னர் அப்பேசி இந்தியத் தொலைபேசி வலைகளில் முடக்கப்படும்.

பேசி வந்த அட்டைப்பெட்டியைத் தேடினோம். அம்மையாரின் மகள் அதில் வளையல்களைப் போட்டு வைத்திருந்தாள். ஒட்டுத்தாள் பாதி கிழிந்திருந்தது. நல்ல வேளையாகப் பதினைந்து இலக்கங்களும் தப்பியிருந்தன. மறுநாட்காலை அவர்களோடு நானும் ரயில்வே காவல் நிலையத்துக்குப் போனேன்.