இடிப்பதா, பேணுவதா: தீர்மானிப்பது யார்?

2020ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் குருநாகல் நகரில் வீதி விஸ்தரிப்பின் பொருட்டுப் பழைய கட்டடம் ஒன்று இயந்திரங்களைக் கொண்டு இடிக்கப்பட்டபோது நாடெங்கும் பெரும் சர்ச்சை எழுந்தது. இரண்டாம் புவனேகபாகு மன்னனின் அரசவை மண்டபம் என்று நம்பப்பட்டுவந்த கட்டடம் அது. பிரதமர் விசாரணைக் குழுவொன்றை நியமித்தார். விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. நகர முதல்வருக்கு எதிராகப் பிடியாணையும் பிறப்பிக்கப்பட்டது. ஆயினும் இடிந்த சுவர் இடிந்ததுதான்.

ஒரு மன்னனின் பெயரோடு தொடர்புபட்ட கட்டடத்துக்கே இந்த நிலை என்றால், மன்னர்களின் பெயரைத் தாங்காத கட்டடங்களின் நிலை என்ன? வணிகர்களின் மாளிகைகள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், பழைய பள்ளிவாசல்கள், கோயில் மடங்கள், அச்சகங்கள், திரையரங்குகள் என்பன எமது நகரங்களில் ஒவ்வொன்றாக மறைந்துவருகின்றன. அவற்றை இடிக்கலாமா, பேண வேண்டுமா என்பதை யார், எந்த அளவுகோலைக் கொண்டு, எவருடைய கருத்தைக் கேட்டபின் தீர்மானிக்கின்றார்கள் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை.

தொல்பொருட்கள் தொடர்பான எமது அடிப்படைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். அது கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் கையளிக்கப்பட்ட 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லைக்கோடாகக் கொண்டது. அதற்கு முற்பட்டவை புராதனச் சின்னங்கள். பிற்பட்டவற்றுக்கு அந்த அந்தஸ்து கிடைக்க வேண்டுமாயின் அமைச்சர் வர்த்தமானி மூலம் அறிவிக்க வேண்டும். கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கண்டி ஆகிய நகரங்களில் இன்று எஞ்சியிருக்கும் பழைய கட்டடங்களில் மிகப் பெரும்பாலானவை 1815க்குப் பிற்பட்டவை என்பதை எண்ணிப்பார்த்தால், இந்த எல்லைக்கோட்டின் விளைவு புரியும். 1909ஆம் ஆண்டில் நிறைவுபெற்ற புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கருங்கல்லால் மீளக் கட்டுவித்த கொழும்புப் பொன்னம்பலவாணேசர் ஆலயமும் சட்டத்தின் பார்வையில் தாமாகவே புராதனச் சின்னங்கள் ஆகிவிடுவதில்லை.

மறுபுறத்தில், நகரத்தைத் திட்டமிடும் பொறுப்பு 1978ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட நகர அபிவிருத்தி அதிகார சபையிடம் இருக்கின்றது. கட்டட அனுமதிகள் தொடர்பில் மாநகர சபைகளுக்கும் பங்குண்டு. ஆக, பேணுவதற்கு ஒரு நிறுவனமும் கட்டுவதற்கு இன்னொரு நிறுவனமுமாக அதிகாரம் பிரிந்து கிடக்கிறது. பொதுமக்களைப் பகிரங்கமாக அழைத்து, கருத்துக் கேட்டு, காரணங்களை எழுத்தில் வைத்துத் தீர்மானிக்கும் மரபு இங்கு வேரூன்றவில்லை.

இவ்விடத்தில் நியூயோர்க் நகரின் அனுபவம் நோக்கத்தக்கது. 1910ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பென்சில்வேனியா ரயில் நிலையம் 1963ஆம் ஆண்டில் இடிக்கத் தொடங்கப்பட்டபோது அதைத் தடுப்பதற்கு எந்தச் சட்டமும் இருக்கவில்லை. அந்த இழப்பு ஏற்படுத்திய அதிர்ச்சியின் பின்னணியிலேயே 1965 ஏப்ரல் மாதத்தில் அந்நகரின் பாரம்பரியக் கட்டடங்கள் பாதுகாப்பு ஆணைக்குழுவுக்கான சட்டம் கையொப்பமிடப்பட்டது. பதினொரு உறுப்பினர்களைக் கொண்ட அவ்வாணைக்குழுவில் குறைந்தது மூன்று கட்டடக் கலைஞர்கள், ஒரு வரலாற்றாய்வாளர், ஒரு நகரத் திட்டமிடலாளர் அல்லது நிலவடிவமைப்பாளர், காணி வர்த்தகத்தில் ஈடுபடும் ஒருவர் ஆகியோர் இடம்பெற வேண்டும். நகரின் ஐந்து பிரிவுகளிலும் வசிப்பவர்களுக்குப் பிரதிநிதித்துவம் இருக்க வேண்டும் என்பதும் சட்டமாகும். முப்பது வருடங்கள் கடந்த எந்தக் கட்டடமும் பரிசீலனைக்குரியது. பகிரங்க விசாரணையின் பின்னரே தீர்மானம் எடுக்கப்படுகிறது.

இந்த ஆணைக்குழுவின் உண்மையான பரீட்சை கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் விவகாரமாகும். 1968ஆம் ஆண்டில் அதன் உரிமையாளர்கள் நிலையத்தின் மேல் ஐம்பத்தைந்து மாடிக் கோபுரமொன்றைக் கட்ட முனைந்தனர். ஆணைக்குழு மறுத்தது. தமது சொத்துரிமை பறிக்கப்பட்டுவிட்டதாக உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 1978ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. இங்கு குறிப்பிடத்தக்க விடயம் யாதெனில், நகரம் உரிமையாளரை வெறுங்கையுடன் விட்டுவிடவில்லை என்பதாகும். நிலையத்தின் மேல் கட்டமுடியாமற்போன அளவை அயலிலுள்ள வேறு காணிகளில் கட்டுவதற்கான உரிமையாக மாற்றிக்கொள்ள வழியிருந்தது. நீதிமன்றமும் இதனைக் கவனத்திற் கொண்டது. அத்துடன், பேணுவதால் தாங்கமுடியாத பொருளாதார நெருக்கடி ஏற்படுகிறது என நிரூபிக்கும் உரிமையாளர் விலக்குக் கோரவும் சட்டத்தில் இடமுண்டு.

மத நிறுவனங்களும் இந்த விதிக்கு முற்றாகப் புறம்பானவையல்ல. சென்ட் பார்த்தலமியூ தேவாலயம் தனது சமூக மண்டபத்தை இடித்து அலுவலகக் கோபுரம் எழுப்ப அனுமதி கோரியபோது ஆணைக்குழு மறுத்தது. அது மதச் சுதந்திரத்தை மீறுவதாகாது என்று 1990ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்புடன் உடன்படாதவர்கள் இருக்கலாம். ஆனால் தேவாலயத்தின் வாதமும் நகரத்தின் வாதமும் வெளிச்சத்தில் வைக்கப்பட்டே முடிவு எடுக்கப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

இனி எமது நிலைக்குத் திரும்புவோம். கொழும்புக் கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் கால வைத்தியசாலைக் கட்டடம் 2011ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டு, கடைகளும் உணவகங்களும் நிறைந்த இடமாகத் திறக்கப்பட்டது. பழைய கட்டடம் பயன்பாட்டில் இருந்தாலே பிழைக்கும் என்பதற்கு அது நல்ல உதாரணம். ஆனால் அதே காலப்பகுதியில், 2010ஆம் ஆண்டு மே மாதத்தில், கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் இருபது வரையான குடும்பங்களின் வீடுகள் படையினரும் பொலிசாரும் சூழ்ந்து நிற்க இடிக்கப்பட்டன. நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்த காலம் அது. மலாய், முஸ்லிம், தமிழ் மக்கள் தலைமுறைகளாகக் கலந்து வாழ்ந்த அந்தப் பகுதியின் அடையாளமாக விளங்கிய 19ஆம் நூற்றாண்டின் டி சொய்சா கட்டடமும் அண்மைய ஆண்டுகளில் மறைந்துவிட்டது. வெளிநாட்டுப் பயணி காணக்கூடிய கட்டடத்துக்குப் பாதுகாப்பும், சாதாரண குடிமகன் வாழும் கட்டடத்துக்கு இயந்திரமும் என்பதே எழுதப்படாத விதியாகிவிட்டதோ என்ற சந்தேகம் இதனால் எழுகிறது.

எவ்வாறாயினும், பாதுகாப்பு என்ற சொல்லையும் தமிழ், முஸ்லிம் மக்கள் நிம்மதியுடன் கேட்பதில்லை. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமைகளை முகாமை செய்வதற்கென நியமிக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில், நியமனத்தின்போது ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இடம்பெறவில்லை. இரு சமூகங்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்தின் வரலாற்றைத் தீர்மானிக்கும் பொறுப்பு அவர்கள் இல்லாத சபையொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. இதன் விளைவாக, இடிப்பதற்கு இயந்திரம் வந்தாலும் அச்சம், பேணுவதற்கு அதிகாரி வந்தாலும் அச்சம் என்ற இரட்டை நெருக்கடிக்குள் இச்சமூகங்கள் தள்ளப்பட்டுள்ளன. இரண்டு அச்சங்களுக்கும் மூலகாரணம் ஒன்றே. தீர்மானிக்கும் இடத்தில் தாம் இல்லை என்பதே அது.

காலி கோட்டையின் அனுபவம் இன்னொரு பாடத்தைப் புகட்டுகிறது. 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அக்கோட்டையின் சுவர்களும் வீடுகளும் காப்பாற்றப்பட்டன. ஆனால் காணி விலை உயர உயர, பரம்பரையாக அங்கு வாழ்ந்த குடும்பங்கள் பல, அவற்றுள் முஸ்லிம் குடும்பங்களும் அடங்கலாக, வீடுகளை விற்று வெளியேறின. வீடுகள் விடுதிகளாயின. கட்டடம் தப்பி, அதில் வாழ்ந்த சமூகம் கரைந்துபோவதை முழுமையான பாதுகாப்பு என்று கூறமுடியுமா?

அரசை மட்டும் குறைகூறிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. யாழ்ப்பாணத்தின் நாற்சார் வீடுகள் யுத்தத்தில் மட்டும் அழியவில்லை. பங்கு பிரிப்பதற்காகவும், புதிய மாடி வீடுகளுக்காகவும் உரித்தாளர்களே அவற்றை இடித்திருக்கின்றார்கள். திருப்பணி என்ற பெயரில் பழைய கோயில் மண்டபங்களும், விஸ்தரிப்பு என்ற பெயரில் பழைய பள்ளிவாசல்களும் எவ்வித ஆவணப்படுத்தலும் இன்றிச் சீமெந்துக் கட்டடங்களுக்கு வழிவிட்டிருக்கின்றன. நல்லூர் மந்திரி மனை மழையிலும் வெயிலிலும் சிதைந்ததை எத்தனை ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தோம்? 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணம் பொது நூலகத்தைச் சாட்சியாக அப்படியே விட்டுவைப்பதா, மீளக் கட்டுவதா என்ற விவாதம் எமது சமூகத்தில் நடந்தது. அத்தகைய விவாதம் ஏனைய கட்டடங்களைப் பற்றியும் நடந்திருக்க வேண்டும்.

அவ்வாறாயின் செய்யவேண்டியது என்ன? முதலாவதாக, ஒவ்வொரு மாநகர சபையின் எல்லைக்குள்ளும், 1815 என்ற எல்லைக்கோட்டைப் பொருட்படுத்தாது, பழைய கட்டடங்களின் பட்டியலொன்று தயாரிக்கப்பட்டு மூன்று மொழிகளிலும் வெளியிடப்படல் வேண்டும். இரண்டாவதாக, அப்பட்டியலிலுள்ள எதனையும் இடிப்பதற்கு முன்னர் பகிரங்க விசாரணை கட்டாயமாக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, தீர்மானிக்கும் சபையில் அந்நகரில் வாழும் எல்லாச் சமூகங்களும் நிபுணர்களுடன் சமமாக அமரவேண்டும். நான்காவதாக, பேணும் சுமையை உரிமையாளரின் தலையில் மட்டும் சுமத்தாது வரிச் சலுகையோ நட்டஈடோ மாற்றுக் கட்டட உரிமையோ வழங்கப்பட வேண்டும். குடியிருப்பவர் வாடகையாளராயினும் அவரது குரலுக்கும் இடமிருக்க வேண்டும்.

இவை பெரும் நிதி தேவைப்படும் காரியங்களல்ல. அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் மனம் இருந்தால் போதுமானது. நியூயோர்க் நகரம் தனது சட்டத்தைப் பெறுவதற்கு ஒரு மகத்தான ரயில் நிலையத்தை இழக்க வேண்டியிருந்தது. நாம் ஏற்கெனவே பலவற்றை இழந்துவிட்டோம். எஞ்சியிருப்பவற்றுக்கு அடுத்த இயந்திரம் வந்து நிற்பதற்கு முன்னர் சட்டம் வந்து நிற்கவேண்டும்.