கிண்டிக் காட்டு மான்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னை மாநகரின் நடுவே சுமார் 270 ஹெக்டேர் பரப்பில் எஞ்சி நிற்கும் கிண்டி தேசியப் பூங்காவில் வெளிமானும் புள்ளிமானும் நரியும் இன்றளவும் ஜீவித்திருப்பது நம் பாக்கியமென்று சென்ற இதழ்க் கட்டுரையில் எழுதப்பட்டிருந்ததை மனப்பூர்வமாக ஆமோதிக்கிறேன்.

ஆயினும், அக்காட்டின் வேலியோரமாக நாள்தோறும் உலாவச் செல்லும் எனக்கு, வழிப்போக்கர் சிலர் கருணையினால் வீசியெறியும் தின்பண்டங்களை மான்கள் பிளாஸ்டிக் பையோடு சேர்த்தே மெல்லும் காட்சி மிகுந்த வேதனையளிக்கிறது. அசைபோடும் பிராணியின் இரைப்பையில் தங்கிவிடும் அந்தப் பை, ஜீரணமாகாமல் ஆகாரத்தின் வழியை அடைத்து, அதைப் பட்டினியாலேயே மாய்த்துவிடக் கூடும்.

ஆகவே, வேலியோரங்களில் மூடியுள்ள குப்பைத் தொட்டிகளை வைத்து, உணவு வீசுவோருக்கு அபராதம் விதிக்குமாறும், திறந்த புல்வெளியையே நாடும் வெளிமானின் மேய்ச்சல் நிலத்தைப் புதர் மூடிவிடாதபடி பரிபாலிக்குமாறும் அதிகாரிகளை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர், வேளச்சேரி